ஜித்ராவா, சிங்கப்பூரா, கல்யாணமா?

கேள்வி: எனக்கு வயது 19. பேராக் மாநிலத்தில், சுங்கை சிப்புட் பக்கம் தோட்டத்தில் வீடு. அப்பா செம்பனைக் குலை வெட்டுகிறார். எஸ்.பி.எம். (படிவம் 5 இறுதித் தேர்வு) முடித்து ஒன்றரை வருடமாக மோட்டார் பட்டறையில் வேலை செய்கிறேன். நான் படிவம் 5 படித்தபோது படிவம் 3-இல் இருந்த பெண்ணோடு பழக்கம். இப்போது அவள் படிவம் 5, வயது 17. இந்த வருடம் யு.பி.யு. என்னும் அரசு உயர்கல்விச் சேர்க்கைத் தளத்தில் விண்ணப்பித்து, கெடாவில் உள்ள ஜித்ரா போலிடெக்னிக்கில் மெக்கானிக்கல் டிப்ளோமாவுக்கு இடம் கிடைத்திருக்கிறது. “நீ போனால் என்னை மறந்துவிடுவாய், அப்புறம் நான் இருந்து என்ன பயன்” என்கிறாள். எங்கள் புலனச் (வாட்ஸ்அப்) செய்திகளையும் சில படங்களையும் அவள் அண்ணன் பார்த்துவிட்டு என்னை மிரட்டினான். எஸ்.பி.எம். முடிந்ததும் கிள்ளானில் அத்தை வீட்டுக்கு அவளை அனுப்பப்போகிறார்களாம். படிப்பை விட்டுவிட்டுச் சிங்கப்பூர் போய்ச் சம்பாதித்து, அவளுக்கு 18 ஆனதும் பதிவுத் திருமணம் செய்துகொள்ளலாமா? ஒருவேளை படிக்கப் போனால், மோட்டாரை ஜித்ராவுக்கு எடுத்துப்போகலாமா?

பதில்: தம்பி, போலிடெக்னிக் சேர்க்கைக்குத் தேதி இருக்கிறது. அந்தப் பெண்ணின் எஸ்.பி.எம். தேர்வுக்கும் தேதி இருக்கிறது. உங்கள் இருவரின் கல்யாணத்துக்கு மட்டும் இன்றைக்குத் தேதி கிடையாது. தேதி இல்லாத காரியத்துக்காகத் தேதி உள்ள இரண்டையும் தள்ளிவிடப் பார்க்கிறீர்கள். பள்ளி முடிந்து இருபது வயதை எட்டும் பிள்ளைகள் அதிகம் இடறுவது இந்த இடத்தில்தான். காதலிப்பதில் தப்பில்லை. அடுத்த மாதம் செய்ய வேண்டியதையும் நான்கு வருடம் கழித்துச் செய்ய வேண்டியதையும் ஒரே இரவில் முடிவு செய்ய நினைப்பதில்தான் சிக்கல்.

முதலில் கல்யாணக் கணக்கைப் பார்த்துவிடுவோம், மற்றதெல்லாம் அதைத் தொட்டுத்தான் நிற்கிறது. மலேசியாவில் முஸ்லிம் அல்லாதவர்களின் திருமணத்துக்கு 1976-ஆம் ஆண்டுச் சட்டம் உண்டு; 1982 மார்ச் 1 முதல் நடப்பில் இருக்கிறது. திருமண வயது 18 என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கிறது. கூடவே இருக்கும் இன்னொரு விதி தெரியவில்லை போலிருக்கிறது. 21 வயது நிரம்பாதவர் திருமணம் செய்ய அப்பாவின் எழுத்துமூலச் சம்மதம் வேண்டும். அப்பா இல்லையென்றால் அம்மாவின் சம்மதம். அவர்கள் நியாயமில்லாமல் மறுப்பதாகக் கருதினால் உயர்நீதிமன்றத்துக்குப் போகலாம். ஆனால் அது வழக்கறிஞர், செலவு, மாதக்கணக்கு என்று இழுக்கும் வழி. ஆகவே அந்தப் பெண்ணுக்கு 18 ஆன மறுநாள் தேசியப் பதிவிலாகாவுக்குப் போய் நின்றாலும் அவருடைய அப்பாவின் கையெழுத்தைக் கேட்பார்கள். உங்களுக்கும் 21 ஆகவில்லை, உங்கள் அப்பாவும் கையெழுத்துப் போட வேண்டும்.

கோயிலில் தாலி கட்டிவிட்டால் யாரும் பிரிக்க முடியாது என்று நண்பர்கள் சொல்வார்கள். 16 முதல் 18 வரை உள்ள பெண்ணுக்கு மந்திரி பெசாரின் (மாநில முதல்வரின்) சிறப்பு அனுமதி வேண்டும். அது இல்லாமல் எங்கே தாலி கட்டினாலும் சட்டத்தின் கண்ணில் செல்லாது. 18-க்கு மேல் என்றாலும், பதிவில்லாத கல்யாணத்தை நம்பிப் போகிற பெண்ணுக்குப் பிறகு ஜீவனாம்சம், பிள்ளையின் பிறப்புப் பத்திரம், வாரிசு உரிமை என்று ஒவ்வொன்றிலும் இழுபறிதான். அந்தச் சுமை உங்களைவிட அவர்மேல்தான் விழும்.

இப்போது வருடங்களைக் கூட்டிப் பாருங்கள். யாருடைய கையெழுத்தும் வேண்டாம் என்னும் 21 வயதை அந்தப் பெண் எட்ட இன்னும் ஏறக்குறைய நான்கு வருடம் இருக்கிறது. போலிடெக்னிக் டிப்ளோமா ஏறக்குறைய மூன்று வருடம், அதிலேயே ஒரு செமஸ்டர் தொழிற்பயிற்சி. நீங்கள் படித்து முடித்து, ஒரு வேலையில் சேர்ந்து, சில மாதச் சம்பளமும் வாங்கிய பிறகுதான் அவருக்கு 21 வரும். ஜித்ராவுக்குப் போவதால் கல்யாணம் ஒரு நாள்கூடத் தள்ளிப்போகாது. போகாமல் இருந்தாலும் ஒரு நாள்கூட முன்னால் வராது.

தூரத்தைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். சுங்கை சிப்புட்டிலிருந்து ஜித்ரா ஏறத்தாழ 250 கிலோமீட்டர். ஜோகூர் பாருவோ 500 கிலோமீட்டருக்கு மேல், அதற்கும் அப்புறம்தான் பாலம் தாண்டிச் சிங்கப்பூர். குவாலா கங்சாரில் ரயில் ஏறினால் அலோர் ஸ்டாரில் இறங்கி ஜித்ராவுக்குப் போய்விடலாம். தூரம் போனால் மறந்துவிடுவாய் என்று பயப்படும் பெண்ணுக்காக, இரண்டு மடங்கு தூரம் போகத் திட்டம் போட்டிருக்கிறீர்கள்! அவருக்கும் இது தோன்றாததற்குக் காரணம், சம்பளம் என்றால் கல்யாணத்துக்கு அருகே போவது, படிப்பு என்றால் விலகிப் போவது என்று இருவர் மனத்திலும் பதிந்திருப்பதுதான். பையன் சம்பாதிக்க ஆரம்பித்தால் பெரியவனாகிவிட்டான் என்று தோட்டத்துப் பக்கம் இன்றைக்கும் ஒரு எண்ணம் இருக்கிறது. பெண்ணின் அப்பாவுக்கும் அதே எண்ணம் இருக்கும் என்று நீங்கள் நம்புகிறீர்கள். அவர் என்ன நினைக்கிறார் என்று கேட்டீர்களா? கடிதத்தில் அப்படி எதுவும் இல்லை.

சிங்கப்பூர் பணத்தைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். மாற்று விகிதம் நமக்குச் சாதகம், வாழ்ந்து காட்டியவர்கள் நிறையப் பேர். ஆனால் கணக்கை முழுதாகப் போடுங்கள். அங்கே வேலை பெர்மிட் அந்த முதலாளியோடு கட்டுப்பட்டது. அவர் நிறுத்தினால் பெர்மிட்டும் போய்விடும். பெர்மிட்டில் இருக்கும் மலேசியருக்கு அங்குள்ள சேமநிதிப் பிடித்தம் கிடையாது, இங்கேயும் யாரும் கட்ட மாட்டார்கள். இங்கே குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளி (ரிங்கிட்). அந்தச் சம்பளத்துக்கு உங்கள் பங்கு 187, முதலாளி பங்கு 221, ஆக மாதம் 408 வெள்ளி ஊழியர் சேமநிதியில் சேரும். (இந்த ஒன்றரை வருடமாகப் பட்டறையில் கட்டியிருக்கிறார்களா என்று சேமநிதிச் செயலியில் பாருங்கள். கட்டியிருக்காவிட்டால் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு.) சிங்கப்பூர் போகும் பிள்ளைகளின் சேமிப்பு கரைவது பெரும்பாலும் ஊதாரித்தனத்தால் அல்ல. ஜோகூரில் அறை வாடகை, மோட்டார் தவணை, வீட்டுக்கு அனுப்புவது, தம்பி தங்கை படிப்பு, யாராவது ஆஸ்பத்திரியில் படுப்பது என்று எல்லாம் நியாயமான செலவாகவே வந்து நிற்கும். மூன்று வருடம் கழித்துக் கையில் டிப்ளோமாவும் இருக்காது, நினைத்த தொகையும் இருக்காது. டிப்ளோமாவோடு சிங்கப்பூர் போக இப்போதும் யாரும் தடுக்கவில்லை. அப்போது உள்ளே நுழையும் வாசல் வேறாக இருக்கும்.

போலிடெக்னிக் கட்டணம் ஒரு செமஸ்டருக்கு 200 வெள்ளி. விடுதி, சாப்பாடு, புத்தகம், பயணம் தனி. பி.டி.பி.டி.என். என்னும் அரசு உயர்கல்விக் கடனுக்கு விண்ணப்பிக்க முதலில் எஸ்.எஸ்.பி.என். சேமிப்புக் கணக்கு வேண்டும். 20 வெள்ளி போட்டுத் திறக்கலாம். கடனுக்குச் சேவைக் கட்டணம் ஆண்டுக்கு 1 விழுக்காடு. அப்பாவின் சேமநிதியில் செஜாத்ரா (Sejahtera) என்னும் பிரிவுக் கணக்கிலிருந்து பிள்ளையின் டிப்ளோமா படிப்புக்கு எடுக்க வழி இருக்கிறது, ஆனால் அது அவருடைய வயதான காலத்துப் பணம். கடன் போதாதபோது மட்டும் தொடுங்கள். பட்டறை முதலாளியிடம் செமஸ்டர் விடுமுறையில் வந்து வேலை செய்கிறேன் என்று இப்போதே சொல்லி வையுங்கள். ஒன்றரை வருடம் கை கறுக்க வேலை செய்தவரை யாரும் வேண்டாம் என்று சொல்ல மாட்டார்கள். எல்லாவற்றுக்கும் முன்னால், இடத்தை ஏற்றுக்கொள்வதாகக் கடிதத்தில் சொன்ன தேதிக்குள் இணையத்தில் பதில் கொடுங்கள். அது தவறினால் இடம் போய்விடும்.

அடுத்து, படங்கள். ஒரே சொல்லில் தாண்டிப் போய்விட்டீர்கள். அவை எப்படிப்பட்டவை என்று நீங்கள் எழுதவில்லை, நானும் கேட்கவில்லை. சட்டத்தை மட்டும் சொல்கிறேன். 2017-ஆம் ஆண்டு சிறார் பாலியல் குற்றச் சட்டத்தின்படி 18 வயதுக்குக் கீழ் உள்ளவர் சிறார். அவருடைய அந்தரங்கப் படத்தை வைத்திருந்தால் 5 வருடம் வரை சிறை, பிறருக்கு அனுப்பினால் 15 வருடம் வரை. அவராகவே எடுத்து அனுப்பினார் என்பதால் நீங்கள் தப்ப முடியாது. பாலியல் நோக்கத்தோடு தொடுவது 14-ஆம் பிரிவு, 20 வருடம் வரை சிறை. இருவரும் விரும்பிப் பழகினோம் என்ற பதில் அங்கே எடுபடாது. உங்களுக்கு 19, அவருக்கு 17. இரண்டு வயது வித்தியாசம் ஊருக்குச் சின்னது, குற்றப்பத்திரிகையில் அப்படி இல்லை. அண்ணன் கோபத்தில் காவல் நிலையத்துக்குப் போனால், மிரட்டியவர் அவர் என்பது பின்னால் போய்விடும், நீங்கள்தான் முன்னால் நிற்பீர்கள்.

அப்படிப்பட்ட படம் இருந்தால் இன்றே அழியுங்கள். கேலரியில் அழித்தால் மட்டும் போதாது. ஐபோனில் அண்மையில் அழித்தவை என்னும் பகுதியில் 30 நாள் கிடக்கும், கூகுள் போட்டோஸ் குப்பைத் தொட்டியில் 60 நாள் வரை கிடக்கும். அங்கும் போய் நீக்க வேண்டும். புலனம் கூகுள் டிரைவில் காப்புப் பிரதி எடுத்து வைத்திருக்கும், பழைய பிரதியை அழித்துவிட்டுப் புதிதாக எடுங்கள். நினைவுக்கு, பாதுகாப்புக்கு என்று ஒன்றைக்கூட வைத்துக்கொள்ள வேண்டாம். இனிமேல் கேட்கவும் வேண்டாம், அனுப்பினாலும் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். ஆனால் யாராவது அந்தப் படங்களைக் காட்டி அந்தப் பெண்ணை மிரட்டினால், மிரட்டிய செய்தியை அழிக்காமல் வைத்துக்கொண்டு அவரும் ஒரு பெரியவரும் காவல் நிலையத்துக்குப் போகட்டும். 15999 என்னும் தாலியான் காசே உதவி எண்ணிலும் வழி சொல்வார்கள்.

“நான் இருந்து என்ன பயன்” என்று அவர் சொன்னதை நீங்கள் அன்பின் அளவாக எடுத்துக்கொண்டிருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். அப்படி எடுக்கக் கூடாது, வெறும் நாடகம் என்றும் தள்ளக் கூடாது. அடுத்த முறை பேசும்போது நேரடியாகக் கேளுங்கள்: “உயிரை விடலாம் என்று தோன்றுகிறதா? எப்படி என்று யோசித்து வைத்திருக்கிறாயா?” கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது, இது உறுதியாகத் தெரிந்த விஷயம். ஆமாம் என்றாலோ, மழுப்பினாலோ, அன்றே அவருடைய அம்மாவுக்கோ அவர் நம்பும் ஆசிரியைக்கோ தெரிய வேண்டும். சொல்லாதே என்று சத்தியம் வாங்கியிருந்தாலும் சொல்லிவிடுங்கள். சுகாதார அமைச்சின் 15555, மனம் உடைந்தவர்களுக்குக் காது கொடுக்கும் பிஃப்ரெண்டர்ஸ் அமைப்பின் 03-7627 2929 என்ற எண்களை இருவரும் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். உடனடி ஆபத்து என்றால் 999. பள்ளியில் ஆலோசனை ஆசிரியர் இருப்பார், அவரிடம் அனுப்புங்கள். படிப்பை விட்டுவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தால் இது தீராது. ஒருவரின் உயிரைக் காப்பது இன்னொரு பிள்ளையின் முழுநேர வேலையாகிவிட்டால், இருவரும் சேர்ந்து மூழ்குவார்கள்.

அவர் பயப்படுவது உங்கள் ஜித்ராவை நினைத்து மட்டும் இருக்காது. எஸ்.பி.எம். அழுத்தம், வீட்டில் அடி திட்டு, கிள்ளான் பேச்சு எல்லாம் சேர்ந்திருக்கும். அவரை அங்கே அனுப்பினால் என்ன ஆகும் என்று நீங்கள் யோசித்த அளவுக்கு, எஸ்.பி.எம்.முக்குப் பிறகு அவருக்கு என்ன படிக்க ஆசை என்று யோசித்ததாகக் கடிதத்தில் ஒரு வரி இல்லை. படிவம் 6, மெட்ரிகுலேஷன், போலிடெக்னிக் என்று அவருக்கும் வாசல்கள் இருக்கின்றன. நல்ல தேர்ச்சியோடு சேர்க்கைக் கடிதம் வந்த பெண்ணை அத்தை வீட்டுக்கு அனுப்புவது பெற்றோருக்கு அவ்வளவு எளிதல்ல. அவருடைய தேர்வு நன்றாக அமைவதுதான் உங்கள் இருவருக்குமே இந்த வருடத்தில் கிடைக்கக்கூடிய பெரிய பலம்.

ஆகவே பேசும் முறையை மாற்றுங்கள். தூரத்தில் இருக்கும் காதல் கெட்டுப்போவது பேசாததால் என்று நினைப்பார்கள். அதிகம் கெடுப்பது நாள் முழுக்கத் தட்டச்சு செய்துகொண்டே இருப்பது. நீல டிக் வந்தது, பதில் வரவில்லை; கடைசியாக இணையத்தில் இருந்தது 1.20, என்னிடம் 11 மணிக்கே தூங்குகிறேன் என்றாள். இப்படித்தான் சண்டை ஆரம்பிக்கும். எழுத்தில் குரல் இருக்காது, கோபம் மட்டும் இருக்கும். வாரத்தில் மூன்று நாள், ஒரே நேரத்தில், அரை மணி நேர அழைப்பு என்று வைத்துக்கொள்ளுங்கள். இரவு 10 மணிக்கு மேல் வேண்டாம். சண்டை வந்தால் செய்தியில் தொடராமல், அழைப்பில் பேசலாம் என்று ஒரு வரி போட்டு நிறுத்துங்கள். முன்னோட்டத் தேர்வு தொடங்கியது முதல் எஸ்.பி.எம். முடியும் வரை வாரம் ஒரு அழைப்பு போதும். கடைசியாக இணையத்தில் இருந்த நேரம் தெரிவதை இருவரும் புலனத்தில் அணைத்துவிடுங்கள், பாதிச் சண்டை அங்கேயே போய்விடும்.

கடவுச்சொல்லை ஒருவருக்கொருவர் கொடுத்திருந்தால் மாற்றிக்கொள்ளுங்கள். நம்பிக்கைக்காகக் கொடுத்தோம் என்பீர்கள். நம்பிக்கை இருக்கும் இடத்தில் அது தேவைப்படாது. இல்லாத இடத்தில் தினமும் திறந்து பார்க்கச் சொல்லும். அவருடைய தோழிகள் அவரிடம் சொன்ன வீட்டு ரகசியங்களைப் படிக்க உங்களுக்கு யாரும் அனுமதி கொடுக்கவில்லை. எந்த உடை போடுகிறாய், யாரோடு பாசார் மாலாம் (இரவுச் சந்தை) போனாய் என்று கணக்குக் கேட்பதும் இதே வகைதான். பிறகு அது கல்யாணத்துக்குள்ளும் கூடவே வரும்.

அண்ணன் விவகாரத்தில், பையன்களைக் கூட்டிக்கொண்டு பேசப் போகாதீர்கள். ஊரில் தாதாவாகத் திரியும் ‘பெரிய அண்ணன்’ யாரையும் நடுவே விடாதீர்கள். அந்த உதவிக்குப் பிறகு விலை கேட்பார்கள். அந்தப் பெண்ணின் அண்ணன் மிரட்டிய தேதி, இடம், சொன்ன வார்த்தை மூன்றையும் எழுதி வையுங்கள். கை வைத்தால் அரசாங்கக் கிளினிக்கில் காட்டி, காவல் நிலையத்தில் புகார் கொடுங்கள், திருப்பி அடிக்க வேண்டாம்.

பெரியவர்களிடம் பேசுவதைப் பெண் வீட்டில் தொடங்காமல், உங்கள் அம்மாவிடம் தொடங்குங்கள். அவருக்கு ஏற்கெனவே பாதி தெரிந்திருக்கும். அவர் மூலம் அப்பாவிடம் போகட்டும். பெண் வீட்டுக்கு இப்போது எதுவும் போக வேண்டாம். தேர்வு வருடத்தில் வீட்டுக்குள் புயலைக் கிளப்பினால் அடி வாங்குவது அந்தப் பெண். எஸ்.பி.எம். முடிந்த பிறகு உங்கள் பெற்றோர் போய், பெண் கேட்காமல், கால அவகாசம் கேட்கட்டும்: பையன் படிக்கிறான், பிள்ளையும் படிக்கட்டும், இருவரும் படித்து முடித்த பிறகும் இதே மனம் இருந்தால் பேசுவோம், அதுவரை தனியாகச் சந்திக்க மாட்டார்கள். இதைக் கேட்டு எல்லா அப்பாவும் இறங்கி வருவார் என்று சொல்ல முடியாது. சாதிப் பேச்சும் எழலாம். ஆனால் ஒளிந்து திரிந்த பையன் என்ற பேச்சு உங்கள்மேல் நிற்காது, அது பின்னால் உதவும்.

இன்னொன்றையும் மனத்தில் வைத்திருங்கள். 17-க்கும் 21-க்கும் நடுவே ஆளே மாறிப்போவார்கள். நீங்களும்தான். ஜித்ராவில் புது நண்பர்கள், அவருக்குப் படிவம் 6-இல் புது உலகம். யாராவது ஒருவர் போதும் என்று சொல்லலாம். அப்படிச் சொல்ல வேண்டியவர் நீங்கள் என்றால், அழைத்துப் பேசிச் சொல்லுங்கள். புலன நிலைப்பதிவில் சாடை எழுதி, பதில் போடாமல் நழுவி, அவராகப் புரிந்துகொள்ளட்டும் என்று விடாதீர்கள். சொல்பவர் அவர் என்றால், காரணம் ஒரு முறை கேட்கலாம். பஸ் நிறுத்தத்தில் காத்திருப்பது, வேறு எண்ணிலிருந்து அழைப்பது, தோழி மூலம் தூது விடுவது எல்லாம் கூடாது. ஒருவரை விடாமல் பின்தொடர்ந்து தொல்லை கொடுப்பது 2023 முதல் தண்டனைச் சட்டத்தின் 507A பிரிவில் குற்றம், 3 வருடம் வரை சிறை.

மோட்டாரைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். முதல் செமஸ்டருக்கு வீட்டில் விட்டுப் போங்கள். விடுதியில் மோட்டாருக்கு என்ன விதி என்று பதிவு நாளில் கேட்டுக்கொண்டு பிறகு முடிவு செய்யலாம். கையில் மோட்டார் இருந்தால், அழைப்பில் சண்டை வரும் ஏதோ ஓர் இரவில், நேரில் பார்த்தால் சரியாகிவிடும் என்று நெடுஞ்சாலையில் 250 கிலோமீட்டர் கிளம்பிவிடுவீர்கள். ரயில் என்றால் காலைவரை காத்திருக்க வேண்டும், அதற்குள் இருவருக்கும் கோபம் பாதி இறங்கியிருக்கும். தவணை பாக்கி இருந்தால் அப்பாவிடம் கணக்கை ஒப்படையுங்கள், வேலைக்குப் போக அவருக்கும் வண்டி உதவும்.